கேப்டன் கபென்டாவைப் புதைக்கப் போன சனிக்கிழமை

கேப்டன் கபென்டாவின் வாழ்க்கையைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிட்வே நகரம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. நான் என்ன சொன்னாலும் அவன் கோபித்துக்கொள்ள முடியாது என்பதுதான் என் தகுதி. நான் எங்கோனி, அவன் பெம்பா. எங்கள் இரண்டு சனத்துக்கும் நடுவே மச்சான் முறை. ஒரு காலத்தில் அவர்கள் ஆட்களும் எங்கள் ஆட்களும் ஈட்டியால் குத்திக்கொண்டு அலுத்துப்போய், இனிமேல் வாயால் மட்டும் அடித்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்களாம். அன்றிலிருந்து எங்களைப் பார்த்தால் அவர்கள் எலிதின்னி என்பார்கள். அவர்களைப் பார்த்தால் நாங்கள் குரங்குதின்னி என்போம். வங்கி வரிசையிலும் சொல்வோம், ஆஸ்பத்திரியில் ஊசி குத்தும்போதும் சொல்வோம். கேட்ட ஆள் சிரித்துவிட்டுத் திருப்பித் திட்ட வேண்டும், அவ்வளவுதான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவனை யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள்.

இவன் தூக்கி வைத்துக்கொண்டான், அதுவும் ஏழு வருஷம். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் பெயர் ஜோண்டிவே. கிட்வேயின் புச்சிப் பகுதியில் தலை பின்னிவிடும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு நேர் எதிர் வீடு அவனுடையது. பெற்றோர் வைத்த பெயர் கபாசோ. அவன் அம்மா சிசோக்கோனே சந்தையில் கபென்டா விற்கிறவள். கபென்டா என்றால் நெத்திலியைவிடச் சின்னதாக, காய்ந்து, வெள்ளிச் சீவல் மாதிரி இருக்கும் மீன். ஒரு பேசின் திறந்தால் மூன்று தெருவுக்கு மணக்கும். முறைப்படி எனக்கு அவள் அத்தை. அவன் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர், யூனியன் ஆள். நெஞ்சுக்குள் மண்வெட்டியால் கிளறுகிற மாதிரி ஒரு இருமல், அதன் பிறகு ஒரு கேள்வி, இதுதான் மாமா. எது நடந்தாலும் அதே கேள்வி: "யூனியன்ல கேட்டாச்சா?" களி வேக நேரமானாலும் கேட்பார், மழை பெய்தாலும் கேட்பார். நான் கடை திறந்த அன்று முதல் ஆளாக வந்து, மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே அதையேதான் கேட்டார்.

கபாசோவுக்கு வாய் மட்டும் எட்டு ஊருக்கு இருந்தது. பதினாலு வயதில் கணக்கு நோட்டில் கணக்கைத் தவிர எல்லாம் எழுதுவான். மேசையைத் தட்டிக்கொண்டு, மூச்சு விடாமல், அடுக்கடுக்காக ராப் பாடுவான். பஸ் கண்டக்டர், கவுன்சிலர், தலைமை ஆசிரியரின் ஒட்டுமுடி, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் அவனைப் பார்த்து யாராவது சின்னதாகச் சிரித்துவிட்டால் போச்சு, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். ஒரு தடவை மேடையில் பாடும்போது கால்சட்டை பின்னால் கிழிந்துவிட்டது. கூட்டம் சிரித்ததும் மைக்கை வைத்துவிட்டு, சுவரோடு முதுகை ஒட்டியபடியே வீடுவரைக்கும் நடந்துபோனான். கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை.

அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் கிங் மாம்பா. விஷப்பாம்பாம். முதல் ஆல்பத்தை என் கடையின் பின்னறையில்தான் பதிவு செய்தான். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு என்று பெயர், ஆனால் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் விடுவார்களா? நான் முன்னால் பின்னிக்கொண்டிருப்பேன். அவன் பின்னால், ஒட்டுமுடி மூட்டைகளைச் சுற்றி அடுக்கி, தலைக்கு மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்துப் பாடிக்கொண்டிருப்பான். மூன்றாவது பாட்டில் ஒரு பெண் வீல் என்று கத்துவது கேட்கும். நான் கொஞ்சம் இறுக்கிப் பின்னிவிட்டேன். பாட்டு விஷயம் தெரிந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டு, ஏழைகளின் வேதனையை என்ன அழகாகக் கொண்டுவந்திருக்கிறான் என்று பாராட்டினார்கள்.

அவனுக்குக் கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. பாடினவனே பதிவு செய்து, பதிவு செய்தவனே அட்டை ஒட்டி, ஒட்டினவனே தெருத் தெருவாக விற்க வேண்டும். மினிபஸ் மினிபஸ்ஸாக ஏறி, கண்டக்டர்களைக் கெஞ்சி, அவர்கள் போனில் பாட்டை ஏற்றிவிடுவான். சிடியை அடுக்கி வைக்க இடமில்லாமல் அத்தையின் மீன் பேசினுக்குள் வைத்து சந்தைக்கு அனுப்பினான். புத்தி அப்படி. வாங்கினவர்கள் வீட்டில் உறையைப் பிரித்ததும் பூனை வந்து நின்றது. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர், "கேப்டன் கபென்டா வர்றாரு, வழி விடுங்கப்பா" என்றான். முடிந்தது. கிங் மாம்பா என்று அவன் மட்டும்தான் சொல்லிக்கொண்டான், ஊர் முழுக்க கபென்டா. அந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பியே பார்க்க மாட்டான்.

அவனுக்கு இருபத்திரண்டு வயதில் மாமா போய்விட்டார். தூசி நெஞ்சில் அடைத்து, இருமி இருமியே போனார்.

சாவு வீட்டில் எங்களைப் போன்ற மச்சான் முறைக்காரர்களுக்கு என்று ஒரு வேலை இருக்கிறது. சொந்தக்காரர்கள் அழுவார்கள், நாங்கள் சிரிக்க வைக்க வேண்டும். செத்தவரைப் போல நடந்து காட்டி, அவர் குரலில் பேசி, வண்டியை மறித்துப் படுத்து, அழுகிறவர்கள் ஒரு தடவையாவது சிரிக்காமல் மண் போட விடமாட்டோம். சிரித்துவிட்டால்தான் நெஞ்சு இளகும், மூச்சு வரும். இதைச் சொந்தக்காரர்கள் செய்ய முடியாது, நாங்கள்தான் செய்ய வேண்டும். எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். கடையைப் பூட்டிக்கொண்டு இரண்டு நாள் அந்த இருமலைப் பழகினேன்.

பெட்டியை வண்டியில் ஏற்றியதும் மாமாவின் மஞ்சள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் மல்லாக்கப் படுத்தேன். இருமினேன். "என்னைப் புதைக்கிறதுக்கு யூனியன்ல கேட்டீங்களா?" என்றேன். நாலு நாளாகக் கல்லாக உட்கார்ந்திருந்த அத்தையின் உதடு நடுங்கியது. சிரிப்பு தொண்டைவரைக்கும் வந்துவிட்டது, என் கண்ணால் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து கபாசோ ஓடி வந்தான். என் தலையிலிருந்து கவசத்தைப் பிடுங்கினான். தாடைப்பட்டை அறுந்து கழுத்தில் கீறியது. "எங்கப்பா சாவு உனக்கு விளையாட்டா? போடி எலிதின்னி" என்றான். அந்த வார்த்தையை அவன் ஆயிரம் தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். நிஜமாகச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். அங்கே இருந்த முறைக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து போய்விட்டோம். சிரிப்பே இல்லாமல் மாமாவை மண்ணுக்குள் வைத்தார்கள். அத்தை தொண்டைவரைக்கும் வந்ததை விழுங்கினாள். அதன் பிறகு அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் அன்றைக்குப் பின்னறையில் உட்கார்ந்து அழுதேன். எனக்கென்ன வெட்கம், சொல்கிறேன்.

இரண்டு வாரம் கழித்துப் பாட்டுப் பதிவு செய்ய வந்தான். மன்னிப்பும் கேட்கவில்லை, ஒன்றும் நடக்காத மாதிரியும் இல்லை. "ஜோண்டிவே, கொஞ்சம் அறையைத் தர்றீங்களா?" என்றான். வாங்க, போங்க, தர்றீங்களா! மச்சான் மரியாதை கொடுத்துப் பேசினால் அதைவிடப் பெரிய அடி உண்டா? ஏழு வருஷம் அப்படியே ஓடியது. நான் குரங்குதின்னி என்று சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த ஏழு வருஷத்தில் பாட்டும் சரியாகப் போகவில்லை. முழுக்கக் கோபம்தான், சிரிக்க இடமே இல்லை. கண்டக்டர்கள் இரண்டு நிறுத்தம் போட்டுவிட்டு மாற்றிவிடுவார்கள். கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். ராப் பாடுகிறவனுக்குப் பெரிய ஆள் ஒருவனோடு சண்டை மூண்டுவிட்டால் போதும், நாடே திரும்பிப் பார்க்கும். தலைநகர் லுசாக்காவில் அப்போது கொடிகட்டிப் பறந்தவன் மிஸ்டர் சண்டே. அவனுடைய பாட்டில் ஒரு வரி தன்னிடமிருந்து திருடியது என்று கபாசோ சாதித்தான். எனக்குத் தெரிந்து அந்த வரியை எல்லா மினிபஸ்ஸிலும் தினமும் சொல்கிறார்கள். இருக்கட்டும். மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு திட்டுப் பாட்டு செய்தான். பெயர் 'எலி'. அடுத்தவன் குதிரில் புகுந்து வரியைக் கொறிக்கிற எலி, வாலைப் பிடித்துச் சுவரில் அடிப்பேன் என்று நாலரை நிமிஷம். விஷம் என்றால் விஷம்.

வெளியே விடுவதற்கு முன்னால் எனக்குப் போட்டுக் காட்டினான். எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு. ஏனென்றால் மிஸ்டர் சண்டே பெம்பா பாஷையில் பாடுகிறானே தவிர, ஆள் சிபாட்டாக்காரன். குடும்பப் பெயர் மசேகோ. சுத்தமான எங்கோனி. அவனுடைய சித்திக்கு மாதா மாதம் நான்தான் தலை பின்னுகிறேன். ஒரு பெம்பாக்காரன் ஒரு எங்கோனியை எலி என்று திட்டினால் அது சண்டையா? அது எங்கள் ஊரில் வணக்கம் மாதிரி. இதை நான் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பிரமாதம், இதைக் கேட்டா அந்த ஆளுக்குத் தூக்கமே வராது, விடுங்க" என்றேன். பாதி குறும்பு, பாதி பழைய வயிற்றெரிச்சல்.

பாட்டு வெளியே போனது. மூன்று நாள் கபாசோ சன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தான். லுசாக்காவிலிருந்து ஆள் அனுப்பிவிடுவார்களாம், அம்மாவைக்கூட வெளியே போக வேண்டாம் என்றானாம். அத்தை பேசினைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டாள். நாலாவது நாள் ரேடியோவில் மிஸ்டர் சண்டே பேசினான். பேசவே முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. கிட்வேயில் இவ்வளவு அருமையான குரங்குதின்னி மச்சான் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போனதே என்று வருத்தப்பட்டான். இவ்வளவு கத்தினதில் மச்சானுக்கு உயிர் போயிருக்கும், முறைக்காரன் என்கிற கடமைக்குச் சனிக்கிழமை மதியம் புச்சி ஹாலுக்கு வந்து நானே புதைத்துவிட்டுப் போகிறேன் என்றான். கையோடு ஒரு மூட்டை வறுத்த எலியை பஸ்ஸில் போட்டு அனுப்பினான். கபாசோ அதை என் கடை வாசலில் போட்டுவிட்டுப் போனான். நல்ல பொருளை வீணாக்கக் கூடாது, நான் சாப்பிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், பாட்டு நாடு முழுக்க ஓடியது. எல்லா மினிபஸ்ஸிலும் அதுதான். ஆனால் பயந்து கேட்கவில்லை, சிரித்துக்கொண்டு கேட்டார்கள். அவன் தெருவில் இறங்கினால் வாண்டுகள் கீச் கீச் என்று கத்தின. அவனுக்கு அதைவிடப் பெரிய சாவு கிடையாது. தூரத்தில் இருக்கும் சொல்வேசியில் ஒரு சுரங்கத்தில் லாரி ஓட்டுகிற வேலை இருப்பதாக அவனுடைய தாய்மாமன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சரி என்று சொல்லிவிட்டான். சனிக்கிழமை நாலு மணி பஸ். இனிமேல் பாட்டுக் கிடையாது.

வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுக்குப் போனேன். சட்டைகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். மைக்கை ஒரு துணியில் சுற்றி என்னிடம் நீட்டினான்.

"கடையில வச்சுக்கோங்க. யாருக்காவது உதவும்."

விளையாட்டு இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை.

"தெரிஞ்சுதான் விட்டேன் மச்சான். அந்த ஆளு எங்க ஆளுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றேன்.

கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டு, "ஏன்?" என்றான்.

"ஏழு வருஷமா நீ என்னைத் திட்டவே இல்ல. அதான்."

நாலு மணி பஸ் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்தான்.

சனிக்கிழமை ஹாலில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் சுரங்கக் குடும்பங்கள். அத்தை பேசினோடு வந்து வாசலில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். மகனைப் புதைக்கிற இடத்திலேயே வியாபாரமா என்று கேட்டேன். பேசினுக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து என் கையில் திணித்தாள். பிரித்தால் மாமாவின் மஞ்சள் கவசம். அறுந்த பட்டை அப்படியே இருந்தது.

"அன்னைக்குப் பாதியில விட்ட வேலையை முடி" என்றாள்.

மிஸ்டர் சண்டே குள்ளம், குண்டு. இடுப்பில் சீலைத் துணியைக் கட்டிக்கொண்டு, மாரடித்து அழுதபடி மேடைக்கு வந்தான். பின்னால் நாலு பேர் ஒரு கதவைப் பெயர்த்துப் பாடை மாதிரி தூக்கி வந்தார்கள். அதன் மேல் வைக்கோல் பொம்மை. பொம்மையின் கையில் மைக்குக்குப் பதில் சோளக்கதிர், தலைமாட்டில் ஒரு தட்டு கபென்டா. "எங்க மச்சான் பாம்புன்னு சொல்லிக்கிட்டான், மீனா செத்துட்டான்" என்று ஒப்பாரி வைத்தான். ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, செத்தவனைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த முறைக்காரர்கள் யாராவது இருந்தால் மேலே வரலாம் என்றான்.

போனேன். கவசத்தை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், கடைசிக் கதவோரம் கபாசோ நிற்கிறான், தோளில் பை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்க்க வந்தவன் மாதிரி நின்றான். இதோடு போய்விடுவான், இனி எப்போதுமே என்னிடம் பேசமாட்டான் என்று பட்டது. ஆனாலும் வேலை வேலைதானே. மாமாவின் இருமலை இருமினேன். கூட்டத்தில் பாதிக்கு அந்த இருமல் தெரியும், அப்போதே ஒரு சலசலப்பு.

"என் மகன் பாட்டை நிறுத்தப் போறானாமே. யூனியன்ல கேட்டானா?"

சனம் வெடித்துச் சிரித்தது. பழைய சுரங்கத்து ஆட்கள் பெஞ்சில் அடித்து அடித்துச் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஏனென்றால் கபாசோ நடுவழியாக நடந்து மேடைக்கு வந்துகொண்டிருந்தான். மிஸ்டர் சண்டேகூட ஒப்பாரியை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றான். கபாசோ மேலே ஏறி, பையை இறக்கி வைத்துவிட்டு, நேராக என் தலையை நோக்கிக் கையை நீட்டினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கழுத்தில் பழைய கீறல் இருந்த இடம் சுள்ளென்றது.

பிடுங்கவில்லை. இரண்டு கையாலும் மெதுவாகக் கவசத்தைத் தூக்கி எடுத்தான். தன் தலையில் வைத்துக்கொண்டான். அது புருவம்வரை இறங்கிவிட்டது. கோமாளி மாதிரி இருந்தான். பிறகு இருமினான். ஐயோ, நான் இருமினதெல்லாம் ஒரு இருமலா? பக்கத்து அறையில் படுத்து வருஷக்கணக்காகக் கேட்டவனுக்குத்தான் அது வரும். மாமாவே வந்து நின்ற மாதிரி இருந்தது. இருமி முடித்துவிட்டு, தன் சொந்தக் குரலில், யாருக்கோ பதில் சொல்கிற மாதிரி சொன்னான்.

"கேட்டேன்ப்பா. அனுமதி தர மாட்டேன்னுட்டாங்க."

வாசல் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. எனக்கு முதலில் யார் என்றே தெரியவில்லை. அத்தை. பேசினைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, மீனெல்லாம் தரையில் கொட்ட, அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து அப்படியே அழுதாள், அழுதுகொண்டே மறுபடியும் சிரித்தாள். கபாசோ கவசத்துக்கு அடியிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவனும் சிரித்தான். வைக்கோல் பொம்மையின் கையிலிருந்த சோளக்கதிரை எடுத்து வாய்க்கு நேராகப் பிடித்து, "கேப்டன் கபென்டா பேசுறேன்" என்றான். கூரை பறந்துவிடும் போலக் கத்தினார்கள். சொல்வேசி பஸ் ஒரு சீட்டு காலியாகவே போனது.

அன்றைக்கு அவனும் மிஸ்டர் சண்டேயும் மாற்றி மாற்றி ஒன்றரை மணி நேரம் திட்டிக்கொண்டார்கள். அதைப் பிறகு பதிவு செய்த பாட்டைத்தான் இன்றைக்கு நீங்கள் எந்த மினிபஸ்ஸில் ஏறினாலும் கேட்பீர்கள். ஆறு மாதம் கழித்து ஒரு பெரிய கம்பெனி கையெழுத்துக்குக் கூப்பிட்டது. யூனியன்ல கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். இன்றைக்கும் கம்பெனி இல்லை, பதிவு என் பின்னறையில்தான், விற்பனை அத்தையின் பேசினில்தான். பூனைகள் இன்றைக்கும் வருகின்றன.

நிகழ்ச்சி முடிந்து சனம் கலைந்த பிறகு, நான் தரையில் உட்கார்ந்து அத்தையின் மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கபாசோ வந்து கவசத்தை என் மடியில் போட்டான். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, எங்கேயோ பார்த்தபடி, "ஏய் எலிதின்னி, நீ பாட்டுக்கு மீனை எடுத்து வாயில போட்டுக்காத. இந்தப் பட்டை அறுந்து கிடக்கு பாரு, நாளைக்குள்ள தைச்சுக் கொண்டா" என்றான். நான் அவனைத் திருப்பித் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது, அந்தக் குரங்குதின்னி அதற்கும் சிரித்தான்.